ஜட்ஜம்மாவின் ஆறு வாரம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுவது அவள் வேலை. முன்னால் கண்ணைப் பரிசோதித்து, பவர் எழுதி, பிரேமைத் தேர்ந்தெடுத்து முடித்ததும், சீட்டும் பிரேமும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் அவளிடம் வந்து சேரும். லென்ஸின் மையம் ஒரு மயிரிழை தள்ளிப்போனாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை வலிக்கும். அதனால் இரண்டு முறை அளப்பாள். அப்புறம் மனசு கேட்காமல் மூன்றாவது முறையும் அளப்பாள். இருபத்திரண்டு வருடம் இதையே செய்ததில் கடைக்கு வெளியேயும் அவள் அப்படித்தான் ஆகிவிட்டாள். ஒரு ஜோடி செருப்புக்கு நாலு கடை ஏறி இறங்குவாள். தம்பி அவளுக்கு வைத்த பெயர் ஜட்ஜம்மா. "ஜட்ஜம்மா, தீர்ப்பு என்னைக்கு?" என்பது அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன கேலி.

நாற்பத்து நான்கு வயதில் அவளுக்கு இருந்த ஒரே பைத்தியம் டேப்லெட்டில் விளையாடும் ஒரு விளையாட்டு. மூன்று பேர் ஓர் அணி. எதிரணியும் மூன்று பேர். ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, சுடுகிறவர்களிடமிருந்து தப்பி, வாசலைத் தாண்ட வேண்டும். அவள் அணியில் தம்பியும், சின்ன வயதிலிருந்தே கூட இருக்கும் தோழியும். தம்பி லிஃப்ட் மெக்கானிக். தோழி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூவரும் வளர்ந்தது ஒரே கட்டடத்தின் மூன்றாவது மாடியில், எதிரெதிர் வீட்டில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஏறி ஏறி மூச்சு வாங்கிய ஞாபகத்தில் அணிக்கு 'மூணாவது மாடி' என்று பெயர் வைத்தார்கள். நான்கு வருடமாக வாரம் மூன்று மாலை, வேலை முடிந்து வந்ததும், அவரவர் வீட்டில் இருந்தபடியே ஒலிவாங்கி வைத்த ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு விளையாடினார்கள்.

தம்பி சுடுவதில் கெட்டிக்காரன். நர்ஸ் நிதானமாகப் பெட்டியைச் சுமப்பாள். வழி சொல்வது அவள். பழைய ஆர்டர் சீட்டுகளின் பின்பக்கத்தில் துறைமுகம், கிடங்கு, பாலம் என்று விளையாட்டில் வரும் ஒவ்வோர் இடத்தையும் பென்சிலால் வரைந்து வைத்திருந்தாள். எந்தச் சுவருக்குப் பின்னால் ஆள் ஒளிவான், எந்தக் கதவு திறக்க எத்தனை நொடி ஆகும், எல்லாம் அதில் இருக்கும். புதிதாக ஒன்று வரைந்ததும் படம் பிடித்து இருவருக்கும் அனுப்பிவிடுவாள்.

அவளிடம் இருந்த டேப்லெட் கடையில் வேண்டாம் என்று ஒதுக்கியது. வாடிக்கையாளர்கள் புது பிரேமில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்தது. அரை மணி நேரம் விளையாடினால் இட்லிப் பானை மாதிரி சூடாகும். நெருக்கடியான நேரத்தில் படம் ஒரு கணம் உறைந்து, பிறகு துள்ளும்.

ஊரில் பெரிய அளவில் ஒரு போட்டி அறிவித்தார்கள். முதல் சுற்றுகள் இணையத்தில், இறுதிச் சுற்று ஒரு வணிக வளாகத்து மேடையில். அன்று மாலையே தம்பி சொன்னான்.

"அக்கா, சேரலாம். ஆனா உன் டேப்லெட் சரிப்படாது. போன மேட்ச்ல ரெண்டு தடவ நீ அப்படியே நின்னுட்ட. விளையாட்டுக்குன்னே ஒண்ணு வந்திருக்கு பாரு, சின்னது, உள்ள விசிறியே இருக்கு. அதை வாங்கிடு, பேரு குடுத்துடலாம்."

"பாக்கிறேன்டா."

"போச்சு. கேஸு ஜட்ஜம்மாகிட்ட போயிடுச்சு" என்று அவன் சிரித்தான். நர்ஸும் சிரித்தாள்.

அவள் பார்க்கத்தான் செய்தாள். ஆறு வாரம். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதற்கே போனது. இரண்டு கைக்குள் அடங்கும் அளவு, நல்லதுதான். கட்டைவிரல் திரையின் நடுவரைக்கும் எட்டும். ஆனால் எழுத்தெல்லாம் பொடியாகத் தெரியும், படிக்கும் கண்ணாடி இல்லாமல் முடியாது. விசிறி சூட்டைக் குறைக்கும். அந்த இரைச்சல் ஒலிவாங்கியில் கேட்குமா? சார்ஜ் போட்டபடியே விளையாடினால் பேட்டரி சூடாகாமல் மின்சாரம் நேரே உள்ளே போகும் என்கிறார்கள், அது உண்மையா? சிம் போட இடமில்லை. விளையாட்டைத் தவிர வேறெதற்கும் பெரிதாக உதவாது. இந்த வயதில் விளையாட்டுக்கென்று தனியாக ஒரு சாமானா என்று ஒரு நாள் தோன்றும். இந்த வயதில் இல்லாமல் எப்போது என்று மறுநாள் தோன்றும். கடைக்கு வருகிற கல்லூரிப் பிள்ளைகளிடம்கூட மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டபடியே விசாரித்தாள்.

தம்பி வாரா வாரம் கேட்டான். "என்னாச்சுக்கா? கடைசி தேதி நெருங்குது. சீக்கிரம் வாங்கு." நர்ஸ் அதைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. டியூட்டி அதிகம் என்று இரண்டு மாலை விளையாடவும் வரவில்லை. பாவம், களைத்துப்போயிருக்கிறாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

ஆறாவது வாரச் சனிக்கிழமை பிற்பகல், அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, கையில் வைத்துப் பார்த்தே தீர்ப்பது என்று கிளம்பினாள்.

எலக்ட்ரானிக்ஸ் கடையில் அந்த டேப்லெட்டை ஒரு கம்பியில் கட்டி மேஜைமேல் வைத்திருந்தார்கள். விற்பனைப் பெண்ணுக்கு இவளைப் பார்த்ததும் ஒரு சின்னக் குழப்பம்.

"பையனுக்கா மேடம்?"

"எனக்கு."

"சூப்பர் மேடம்" என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

இவள் முதலில் விளையாடவே இல்லை. திரையை விளக்குக்கு நேராகச் சாய்த்து, எவ்வளவு எதிரொளிக்கிறது என்று பார்த்தாள். ஓரத்தில் கோடுகள் வளைகின்றனவா என்று பார்த்தாள். விரல் நுனியால் கண்ணாடியைத் தடவினாள். "யாரும் இதெல்லாம் பாத்ததே இல்ல மேடம்" என்றாள் விற்பனைப் பெண். பிறகு இவள் தன் கணக்கில் நுழைந்து, விளையாட்டின் பயிற்சிக் களத்துக்குப் போனாள். அங்கே நாற்பது குறிகள் ஒவ்வொன்றாக எழும்பும். பழைய டேப்லெட்டில் இருபத்தேழு, இருபத்தெட்டு அடிப்பாள். இதில் படம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. முடிவில் பார்த்தால் இருபத்தெட்டு. மறுபடி ஆடினாள். இருபத்தொன்பது. இன்னொரு முறை. இருபத்தெட்டு.

கை பழகவில்லை, பழகினால் ஏறும் என்று சொல்லிக்கொண்டாள். தம்பி இருந்தால் சேர்ந்தே ஓர் ஆட்டம் போட்டுப் பார்க்கலாம் என்று நண்பர்கள் பட்டியலைத் திறந்தாள்.

தம்பி பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. அதன் கீழே: 'போட்டி, இரண்டாம் சுற்று, இடைவேளை. அணி: மூணாவது மாடி.' நர்ஸின் பெயருக்குக் கீழேயும் அதே வரி. மூன்றாவதாக அவளுக்குத் தெரியாத ஒரு பெயர்.

ஏதோ பழைய தகவல், தவறாகக் காட்டுகிறது என்று பட்டியலை மூடிவிட்டுத் திறந்தாள். அதேதான். அணியின் பெயரைத் தொட்டாள். சேர்ந்த தேதி தெரிந்தது. ஐந்து வாரத்துக்கு முந்தைய தேதி.

அப்போது கைப்பை அதிர்ந்தது. தம்பி.

"அக்கா, எங்க இருக்க?"

"வெளிய வந்தேன். சொல்லு."

"ஒண்ணுமில்ல, சும்மா ஒரு சந்தேகம். அந்தக் கிடங்கு இருக்குல்ல, அதுல இடது பக்கக் கதவை அவங்க அடைச்சிட்டா வேற எப்படிப் போறது? நீ வரைஞ்சது எங்கயோ போயிடுச்சு."

"ஏன், மேட்ச் ஆடிட்டிருக்கியா?"

"சேச்சே. வெட்டியா உக்காந்திருக்கேன். அப்படியே யோசிச்சிட்டு இருந்தேன், அதான்."

அவன் குரலில் ஒரு படபடப்பும் இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. பொய் சொல்லும்போது தம்பியின் குரல் எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியும் என அவள் இத்தனை வருடம் நம்பியிருந்தாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தப்பாகச் சொல்லியிருக்கலாம். இரண்டுக்கும் நாக்கு எழவில்லை. "குளிர் அறை வழியா போ. மேல இரும்புப் படி இருக்கும். கதவு திறக்க நாலு நொடி ஆகும், அதுக்குள்ள ஒருத்தர் சத்தம் குடுத்து அவங்களை இந்தப் பக்கம் இழுக்கணும்" என்றாள்.

"செம! தேங்க்ஸ்க்கா. டேப்லெட் என்னாச்சு? வாங்கிட்டியா?"

"பாத்துட்டிருக்கேன்."

"வாங்கு வாங்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

விற்பனைப் பெண் ரசீதுப் புத்தகத்தோடு பக்கத்தில் வந்து நின்றாள். "பேக் பண்ணிடலாமா மேடம்?"

"இல்லம்மா" என்று எழுந்தாள். தன் கணக்கிலிருந்து வெளியே வர மறந்து, வாசல் வரை போய்த் திரும்பி வந்து, அதைச் செய்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஞாயிறு. தம்பிக்கு ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலை இருந்தது. தரைத்தளத்தில் 'லிஃப்ட் பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகை. கதவைத் திறந்து கட்டை வைத்து, அவன் லிஃப்டுக்குக் கீழே உள்ள குழியில் இறங்கி நின்றிருந்தான். அவள் போய் விளிம்பில் நின்றதும் அவன் தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சம் அவள் முகத்தில் அடித்தது.

"என்னக்கா இங்க? அம்மாவுக்கு ஏதாவது…"

"அம்மா நல்லாத்தான் இருக்காங்க. மூணாவது மாடி எப்படி இருக்கு?"

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். விளக்கை அணைத்தான்.

"எப்ப தெரியும்?"

"நேத்து. நீ போன் பண்றதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி."

"தெரிஞ்சும் வழி சொன்னியா?"

"கேட்டே. சொன்னேன். யாருடா அந்த மூணாவது ஆளு?"

"எங்க ஆபீஸ்ல போன் எடுக்குற பொண்ணு. நல்லா ஆடுவாங்க…"

"அஞ்சு வாரம் முன்னாடி பேரு குடுத்திருக்கீங்க. போன வாரம்கூட, கடைசி தேதி நெருங்குது, சீக்கிரம் வாங்குன்னு சொன்னியே. எந்தக் கடைசி தேதி?"

அவன் குழியில் நின்றபடி அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ வாங்க மாட்டேன்னு நினைச்சேன்க்கா. நீ எதையும் சட்டுனு முடிவு பண்ண மாட்ட. பாத்துக்கிட்டே இருப்ப, அதுக்குள்ள போட்டி முடிஞ்சிடும், நீயா விட்டுட்டேன்னு ஆயிடும். யாருக்கும் மனசு நோகாதுன்னு…"

"வாங்கிருந்தா?"

அவன் குனிந்து ஸ்பேனரைத் தள்ளி வைத்தான்.

"நேத்து ரசீதுப் புக்கோட நின்னா அந்தப் பொண்ணு. வாங்கிட்டு வந்து உனக்கு போன் பண்ணிருந்தா என்ன சொல்லிருப்ப?"

"தெரியலக்கா."

"டேப்லெட் சரியில்லன்னா அதுக்கு நான் வழி பாக்குறேன்னு சொன்னேனே. அதுக்கப்புறம் எதுக்கு வேற ஆளு?"

அவன் கையுறையைக் கழற்றினான். மறுபடி மாட்டிக்கொண்டான். "டேப்லெட் இல்லக்கா பிரச்சினை" என்றான். "நீ எங்களுக்கு முன்னாடியே எல்லாத்தையும் பாத்துடுற. ஆனா கை வர்றதுக்குள்ள அரை நொடி போயிடுது. ஒரு வருஷமாவே அப்படித்தான். சும்மா ஆடுறப்போ தெரியாது. போட்டியில அந்த அரை நொடியிலதான் சாவுறோம். அதை எப்படி உன்கிட்ட சொல்றது?"

"இப்ப சொன்னியே, அதே மாதிரி. வாயால."

முந்தைய நாள் வந்த எண்கள் அவள் நினைவுக்கு வந்தன. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இருபத்தெட்டு. அவன் சொல்வது பொய்யில்லை. அதனால் வலி குறையவும் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். மறுநாள் பென்சிலை எடுத்திருப்பாள். வழி போட்டுக் கொடுத்துவிட்டு, கூட்டத்தில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியிருப்பாள். அதற்கு ஒரு வாய்ப்பைக்கூட அவர்கள் தரவில்லை. அவள் யோசிக்கிற குணத்தையே ஒரு பூட்டாக்கி, வெளியே நிறுத்திவிட்டு, சாவியைத் தேடச் சொல்லி அவசரப்படுத்திக்கொண்டும் இருந்திருக்கிறார்கள்.

"நான் அதையே உனக்கு வாங்கித் தரேன்க்கா. சத்தியமா."

"வாங்கிக் குடு. யாரோட விளையாடட்டும்?"

அவன் கண் கலங்கியது. அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. திரும்பி நடந்தபோது குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஃபைனலுக்குப் போனா எல்லார் முன்னாடியும் சொல்றேன்க்கா. இது எங்க அக்கா போட்ட வழின்னு. நீ வேணா பாரு."

அவள் அதைக் கேட்டு வாங்கவில்லை. ஆனால் நம்பினாள். பஸ்ஸில் வரும்போதே நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

புதன்கிழமை நர்ஸ் கண்ணாடிக் கடைக்கு வந்தாள். அவள் கண்ணாடியின் மூக்குத் தாங்கி ஒரு பக்கம் கழன்றிருந்தது. அது நிஜமாகவே கழன்றதா, வருவதற்காகக் கழற்றியதா என்று தெரியவில்லை. பின்னறைக்கே வந்து, லென்ஸ் வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள்.

"நான் அவன்கிட்ட சொன்னேன்டி. அக்காகிட்ட சொல்லிடு, இது தப்புன்னு."

"எத்தனை தடவ சொன்ன?"

"ரெண்டு மூணு தடவ."

"என்கிட்ட எத்தனை தடவ சொன்ன?"

நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "வாரத்துல மூணு நாள் பேசுறோம்" என்றாள் இவள், சின்னத் திருகாணியை இடுக்கியால் எடுத்தபடி. "அவன் தம்பி, சின்னதுலேர்ந்து என்னை ஏமாத்தித்தான் தின்னுருக்கான். உன்னை நான் அப்படி நினைக்கல." தாங்கியை மாட்டி, துணியால் துடைத்து, இரண்டு காதுப்பக்கமும் சமமாக இருக்கிறதா என்று மேஜையில் வைத்துப் பார்த்து, கொடுத்தாள். நர்ஸ் அதைப் போட்டுக்கொண்டு நின்றாள். இவள் அடுத்த தட்டை எடுத்துச் சீட்டைப் படிக்க ஆரம்பித்ததும் போய்விட்டாள்.

இறுதிச் சுற்றுக்கு அவர்கள் போனார்கள். அதைத் தம்பி குறுஞ்செய்தியாக அனுப்பினான். அவள் பதில் போடவில்லை. வணிக வளாகத்துக்கும் போகவில்லை. அந்த ஞாயிறு மதியம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், அந்தப் பழைய டேப்லெட்டைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து நேரலையைப் பார்த்தாள். படம் அடிக்கடி உறைந்தது.

கடைசி ஆட்டம் கிடங்கில் நடந்தது. எதிரணி இடது கதவை அடைத்துவிட்டது. நர்ஸ் பெட்டியோடு ஒரு கணம் நின்றாள். தம்பி வலது பக்கம் ஓடிச் சுவரில் சுட்டுச் சத்தம் கொடுத்தான். எதிரணி அங்கே திரும்பியது. நாலு நொடி. குளிர் அறைக் கதவு திறந்தது. இரும்புப் படியில் நர்ஸ் ஏற, அந்தப் புதுப் பெண் அரை நொடிகூடத் தாமதிக்காமல் குறுக்கே வந்த ஒருவனைச் சாய்த்தாள். பெட்டி வாசலைத் தாண்டியது.

"அப்படித்தான்!" என்று இவள் மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான், தான் எழுந்தது தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை என்றாலும் முகம் சுட்டது.

மேடையில் மூவருக்கும் ஒரே மாதிரி சட்டை. முதுகில் 'மூணாவது மாடி' என்று அச்சிட்டிருந்தது. தொகுப்பாளர் தம்பியிடம் ஒலிவாங்கியை நீட்டினார். "அந்தக் குளிர் அறை வழி! இந்தப் போட்டியில வேற யாருமே அந்தப் பக்கம் போகல. யாரோட மூளை இது?"

அவள் டேப்லெட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டாள்.

தம்பி சிரித்தான். புதுப் பெண்ணைப் பார்த்தான், நர்ஸைப் பார்த்தான். "நாங்க மூணு பேரும் உக்காந்து பேசிப் பேசிக் கண்டுபிடிச்சது சார். டீம் ஒர்க்" என்றான். கூட்டம் கைதட்டியது. நர்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் அப்படியே உறைந்து நின்றது. அவள் அது துள்ளி நகரும்வரை காத்திருக்காமல் அணைத்துவிட்டாள்.

மாலையில் போன் வந்தது. பின்னால் ஒரே இரைச்சல்.

"அக்கா, பாத்தியா? ஜெயிச்சிட்டோம்!"

"பாத்தேன். நல்லா ஆடுனீங்க. அந்தப் பொண்ணு ரொம்ப நல்லா ஆடுறா."

இரைச்சல் குறைந்தது. எங்கேயோ ஒதுங்கி வந்திருந்தான். "மைக்க நீட்டுனதும் எனக்கு ஒண்ணுமே ஓடலக்கா. சொல்லணும்னுதான் போனேன். அந்த நேரத்துல உன் பேரைச் சொன்னா, அக்கா ஏன் டீம்ல இல்லன்னு கேப்பாங்களே, அதுக்கு என்ன சொல்றதுன்னு…"

"ம்."

"கோவமா?"

அவள் யோசித்தாள். கோபம் குழியின் விளிம்பில் நின்றபோது இருந்தது. இப்போது இருப்பதற்கு அவளிடம் பெயர் இல்லை. அவன் இனி எதைச் சொன்னாலும், அம்மாவுக்கு மாத்திரை வாங்கிவிட்டேன் என்று சொன்னால்கூட, தான் இன்னொரு முறை சரிபார்க்கப் போகிறோம் என்பது மட்டும் தெரிந்தது.

"அடுத்த வியாழக்கிழமை அம்மாவுக்குக் கண்ணு காட்டணும். நீ கூட்டிட்டு வர்றியா, நான் போகட்டுமா?" என்று கேட்டாள்.

"நான் கூட்டிட்டு வர்றேன்க்கா. பத்து மணிக்கு."

"வேண்டாம். நானே போய்க்கிறேன்" என்றாள். போனை வைத்துவிட்டு, சொம்பைக் கழுவ எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.